பகுதி ஒன்றில் சிக்கிய அயல்மொழி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவை 1972-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு நூலாக வந்தது. வெளியிட்டது புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம். மொழிபெயர்த்தவர், 1955-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிவைத்த ழான் ஃபிலியோசா. கண் மருத்துவம் படித்துத் தொழில் செய்தவர் அவர். தமிழும் சமஸ்கிருதமும் கற்றுப் பாசுரங்களுக்குள் நுழைந்தார். அவருக்கு நான்கரை நூற்றாண்டுக்கு முன்பே கிருஷ்ணதேவராயர் இதே ஊரையும் பெரியாழ்வாரையும் கோதை என்ற ஆண்டாளையும் பொருளாக வைத்து ‘ஆமுக்தமால்யத’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றிவிட்டார். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகியிருக்கிறது. பாரிசின் கீழ்த்திசை மொழிப் பள்ளியில் ஜூலியன் வின்சோன் தமிழ் கற்பித்திருக்கிறார். பிறர் நம் மொழியைக் கற்று நம்மிடம் வந்த வரலாறு இவ்வளவு நீளமானது. நாம் பிற மொழி கற்று அவர்களிடம் போகும் பாதை மட்டும் ஏன் இத்தனை குறுகலாக இருக்கிறது? தமிழ்நாட்டுப் பட்டப்படிப்புகளில் பிரெஞ்சு பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஜெர்மனும் ஜப்பானியமும் பொறியியல் கல்லூரிகளின் விருப்பப் பாடப் பட்டியல்களில் ஏறிவிட்டன. இருந்தும், பட்டத்தோடு சேர்த்து ஓர் அயல்மொழியையும் கையில் வைத்திருக்கும் பட்டதாரியைக் காண்பது அரிது. மாணவர்களுக்கு மொழி வராது என்பதோ, நேரம் போதாது என்பதோ இதற்கு முதற்காரணம் அல்ல. அயல்மொழியைப் பாடத்திட்டத்தின் தவறான இடத்தில் உட்காரவைத்து, தவறான தேர்வை அதற்கு வைத்திருக்கிறோம். இடமும் தேர்வும் மாறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற சிறுநகரங்களிலும் இது கைகூடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த இடம் எது என்று பார்ப்போம். நம் கலை அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் பட்டம் பகுதிகளாகப் பிரிந்தது. பகுதி ஒன்று தமிழ் அல்லது பிற மொழி; பகுதி இரண்டு ஆங்கிலம்; பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். பிரெஞ்சு, இந்தி, சமஸ்கிருதம் எல்லாம் பகுதி ஒன்றில் அந்த ‘அல்லது’ என்பதற்குப் பின்னால் வருகின்றன. ஆகவே பிரெஞ்சு படிக்க விரும்பும் மாணவி தமிழை விட்டாக வேண்டும். தமிழ் படிக்க விரும்புபவருக்குப் பிரெஞ்சு கிடையாது. இந்த ஏற்பாடு மேல்நிலைப் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. 2006-இன் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரைதான் தமிழைக் கட்டாயமாக்கியது. பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் கூடக் கிடைக்கும் என்ற கணக்கில் பிரெஞ்சுக்கோ சமஸ்கிருதத்துக்கோ மாறுவது மெட்ரிக் பள்ளிகளில் பழகிப்போன வழக்கம். கல்லூரியிலும் அதே கணக்குத் தொடர்கிறது. சென்னை, கோவை போன்ற நகரங்களின் பல கல்லூரிகளில் பகுதி ஒன்றில் பிரெஞ்சு எளிதாகக் கிடைக்கும். தென்மாவட்டச் சிறுநகரக் கல்லூரிகளில் பகுதி ஒன்று என்றால் பெரும்பாலும் தமிழ்தான். ஆக, நகரத்து மாணவருக்கு அயல்மொழி மதிப்பெண் தரும் வசதியாகிறது; சிறுநகரத்து மாணவருக்கு அது பட்டியலிலேயே இல்லை. இரண்டு இடத்திலும் மொழி கற்பது நடக்கவில்லை.

நேரம் போதவில்லை என்ற பேச்சைக் கணக்குப் போட்டே சரிபார்க்கலாம். பகுதி ஒன்றுக்கு வாரம் ஆறு மணி நேரம் என்பது பொதுவான கால அட்டவணை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், அதாவது 15 வாரம். நான்கு செமஸ்டருக்குச் சேர்த்தால் 360 மணி நேரம் வருகிறது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோல் மொழித் திறனை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. இன்று உலகின் பல இடங்களில் அதுவே அளவுகோல். 45 நிமிடப் பாடவேளைகளில் எண்ணினால் ஜெர்மனின் முதற்படிக்குச் சுமார் 80 முதல் 200 வரை, மூன்றாம் படியான பி1-க்குச் சுமார் 350 முதல் 650 வரை ஆகும் என்பது ஜெர்மன் கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. பி1 எட்டியவர் அந்த நாட்டில் தனியே பயணம் போவார், கடிதம் எழுதுவார், தன் கருத்துக்குக் காரணம் சொல்வார். நம் பகுதி ஒன்று பிரெஞ்சின் 360 மணி நேரம் இந்தப் படியின் வாசலுக்காவது மாணவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். விடுமுறை, கல்லூரி விழா, இன்டர்னல் தேர்வு என்று கால் பங்கைக் கழித்தாலும் இரண்டாம் படியான ஏ2 மிஞ்சும். நேரம் இருக்கிறது, நேரத்துக்கான பலன் இல்லை என்றால், அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

பொறியியல் கல்லூரிகளின் கோளாறு வேறு. அங்கே ஜெர்மனோ ஜப்பானியமோ ஒரு செமஸ்டர் விருப்பப் பாடம்; மூன்று கிரெடிட் என்றால் 45 பாடவேளை. முதற்படிக்குக்கூட அது போதாது. அடுத்த செமஸ்டரில் தொடர்ச்சி இல்லாததால் ஆறு மாதத்தில் எழுத்துகளே மறந்துபோகும். ஒரு பக்கம் நேரம் இருந்தும் கற்பித்தல் இல்லை. மறுபக்கம் கற்பித்தல் இருந்தும் நேரம் இல்லை. இரண்டையும் ஒரே குறையாக நினைத்து ‘நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று முடிவுகட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கற்பித்தல் ஏன் இல்லாமல் போகிறது என்பதற்கு விடை தேர்வு அறையில் இருக்கிறது. பகுதி ஒன்று பிரெஞ்சின் வழக்கமான வினாத்தாளில் கோடிட்ட இடத்தில் வினைச்சொல்லின் சரியான வடிவத்தை நிரப்பச் சொல்வார்கள்; உடன்பாட்டு வாக்கியத்தை எதிர்மறையாக மாற்றச் சொல்வார்கள்; பாடத்திலுள்ள பத்தியை ஆங்கிலத்தில் பெயர்க்கவும், பாடத்தின் கடைசியிலுள்ள கேள்விகளுக்கு விடை எழுதவும் சொல்வார்கள். இதில் எதற்கும் வாய் திறக்க வேண்டாம். பத்திகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை உரைநூலிலிருந்து மனப்பாடம் செய்துவிட்டால் பிரெஞ்சுப் பத்தியைப் படிக்கவே வேண்டாம். முதல் வரியை அடையாளம் கண்டால் போதும். இதற்கு எதிரே கோத்தே நிறுவனத்தின் ஏ1 வாய்மொழித் தேர்வை வையுங்கள். நான்கு பேரை ஒன்றாக உட்காரவைத்து ஏறத்தாழ 15 நிமிடம் நடத்துகிறார்கள். முதலில் பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள், தொழில் என்று தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லவும், தொலைபேசி எண் போன்ற ஓர் எண்ணைச் சொல்லவும் கேட்பார்கள். அடுத்து, ஒரு சொல் எழுதிய அட்டையை எடுத்து, அதை வைத்துப் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதாகப் படம் போட்ட அட்டை: அதிலுள்ள பொருளைச் சுட்டி ஏதாவது ஓர் உதவி கேட்க வேண்டும். மிக எளிய தேர்வுதான். ஆனால் இதற்கு மனப்பாடம் உதவாது, ஏனென்றால் பக்கத்திலிருப்பவர் என்ன கேட்பார் என்பது யாருக்கும் தெரியாது. முதல் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் மாணவர் இரண்டாவதில் பேச்சற்று நிற்கலாம். அவர் மேல் குற்றமில்லை, ஆசிரியர் மேலும் இல்லை. எதைத் தேர்வில் கேட்கிறோமோ அதுதான் வகுப்பில் நடக்கும். பேச்சுக்கு மதிப்பெண் இல்லாத இடத்தில் பேச்சுக்கு வகுப்பும் இல்லை.

தேர்வே படிப்பின் உருவத்தைத் தீர்மானிக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று 1812-இல் நிறுவிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற தென்னிந்திய மொழிகளும் கற்றுத்தந்தது. முன்ஷிகள் எனப்பட்ட மொழி ஆசிரியர்கள் அருகிலிருந்து பயிற்சி கொடுத்தார்கள். தேர்ச்சி ஏற ஏற அதிகாரியின் மாதப் படித்தொகையும் ஏறியது; தேறியவர்தான் மாவட்ட வேலைக்குத் தகுதி. மனுவைப் படிக்கவும், சாட்சியின் பேச்சைப் பின்தொடரவும் தெரிய வேண்டும் என்ற தேவை அந்தப் படிப்பின் கண்முன் இருந்தது. அது ஆட்சிக் கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் நோக்கத்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் மொழி கற்கும் காரியம் எப்படி நடக்கும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது: தெரிந்த தேவை, தொடர்ச்சியான காலம், பயன்பாட்டைச் சோதிக்கும் தேர்வு. இந்த மூன்றும் இருந்ததால்தான், தமிழைப் போன்ற எந்த மொழியையும் முன்பு அறியாத இருபது வயது இளைஞர்கள் கற்றார்கள்.

சிறுநகரத்தில் அப்படி என்ன தேவை இருக்கிறது என்று கேட்பவர்கள் ராஜபாளையத்தைச் சுற்றி ஒருமுறை பார்க்கட்டும். ராஜபாளையம் மில்ஸ் 1936-இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மருத்துவப் பஞ்சு ஆலையும் வந்தது. ஊரை ஒட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் பகுதிகளின் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கிறார்கள். அந்தத் துணி வெளிநாட்டுக்கும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவக் கருவிச் சட்டம் 2021 மே 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காயத்துக்குக் கட்டும் துணிச்சுருளும் மருத்துவக் கருவிதான். அதன் லேபிளிலும் உபயோகக் குறிப்பிலும் உள்ள விவரங்கள், எந்த நாட்டில் விற்பனையாகிறதோ அந்த நாடு கேட்கும் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும். பொருள் உற்பத்தி செய்பவரே அதற்குப் பொறுப்பு. ஒரு பேண்டேஜ் உறையை எடுத்துப் பாருங்கள்: கிருமி நீக்கிய முறை, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தலாம் என்ற எச்சரிக்கை, உறை கிழிந்திருந்தால் பயன்படுத்தாதே என்ற எச்சரிக்கை, லாட் எண், காலாவதித் தேதி. இவற்றில் சில குறியீடுகளாகப் போய்விடும். மற்றவை மொழியில்தான் இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் விற்கும் உறைக்கு ஜெர்மன், பிரான்சில் விற்கும் உறைக்குப் பிரெஞ்சு. இன்று பெரும்பாலும் வாங்குபவர் அனுப்பும் வாசகத்தை அப்படியே அச்சிட்டு அனுப்புவதுதான் வழக்கம். அந்த வாசகத்தைத் தானே படித்து, ஒரு புகார்க் கடிதத்தைத் தானே புரிந்துகொண்டு, வாங்குபவரோடு நேரடியாகப் பேசும் ஆள் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தால், தரகர் கையிலிருக்கும் பேரத்தில் ஒரு பங்கு நெய்கிற ஊருக்குத் திரும்பும். அந்த ஆள் வேறெங்கிருந்தோ வர வேண்டியதில்லை. உள்ளூர்க் கல்லூரியின் பி.காம். வகுப்பிலிருந்து வரலாம்.

வெளியே போக நினைப்பவர்களின் தேவை இதைவிட வெளிப்படையானது. ஜெர்மனி 2024 அக்டோபரில் இந்தியத் தொழில்திறனாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அங்கே செவிலியராக அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 படி வரை ஜெர்மன் வேண்டும். ஜப்பானோடு இந்தியா 2021 ஜனவரியில் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் உடன்பாடு செய்துகொண்டது. அதன்கீழ் போகிறவர் ஜப்பானிய மொழித் தேர்வின் என்4 நிலையையோ அதற்கு இணையான அடிப்படைத் தேர்வையோ கடக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்குத் தனி மொழித் தேர்வும் உண்டு. இந்தத் தகுதிகளைப் பட்டம் முடித்த பிறகு பெறப் போனால், பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய், விடுதியில் தங்கி, தனியார் மையத்தில் பணம் கட்டி ஓராண்டு படிக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது முடியும். தறித் தொழிலாளியின் மகளுக்கு, அதுவும் வெளியூரில் தங்கவைக்கத் தயங்கும் வீட்டில், முடியாது. மூன்றாண்டுப் பட்டத்துக்குள்ளேயே அந்த மொழி இருந்தால் மட்டும்தான் இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவார்கள். அயல்மொழியைப் பட்டப்படிப்புக்குள் வைக்க வேண்டும் என்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிக வலுவான காரணம் இதுதான்.

இங்கே எழும் முதல் மறுப்பு மொழியுணர்வு சார்ந்தது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1968 ஜனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தோடு உறுதியான இருமொழிக் கொள்கை நம் மாநிலத்தின் அடையாளம். மூன்றாவதாக ஒரு மொழியைக் கொண்டுவரும் எந்த யோசனையும் அதில் ஓட்டை போடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இருமொழிக் கொள்கையின் உயிர் கட்டாயத்தை மறுப்பதில் இருக்கிறது. பதினெட்டு வயதான மாணவர் தன் விருப்பத்தில் தேர்ந்தெடுக்கும் ஒரு மொழி அதற்கு எதிரானதல்ல. உண்மையில் தமிழைப் பாதிப்பது இப்போதுள்ள ஏற்பாடுதான். பகுதி ஒன்றில் பிரெஞ்சையும் தமிழையும் எதிரெதிரே நிறுத்தி, எதில் மதிப்பெண் எளிது என்று மாணவரைக் கேட்கிறோம்; தமிழ் தோற்கிறது, பிரெஞ்சும் கற்கப்படுவதில்லை. பகுதி ஒன்றை எல்லோருக்கும் தமிழுக்கே விட்டுவிட வேண்டும். தமிழ் தாய்மொழியல்லாத, வெளிமாநிலத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு மட்டும் விலக்குப் போதும். அயல்மொழிக்கான இடம் சார்புப் பாடமும் திறன் மேம்பாட்டுப் பாடமும் விருப்பப் பாடமும் இருக்கும் பகுதிகளில் இருக்கிறது. அங்கே சிதறிக் கிடக்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்து, ஆறு செமஸ்டரும் ஓடும் ஒரே தொடராக்க வேண்டும். வாரம் நான்கு மணி நேரம் என்றாலும் ஆறு செமஸ்டரில் அதே 360 மணி நேரம் கிடைக்கும். தமிழின் ஒரு மணி நேரத்தைக்கூடத் தொட வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு, ஆங்கிலத்திலேயே திணறும் முதல் தலைமுறை மாணவர் மேல் இன்னொரு சுமையா என்பது. அக்கறையிலிருந்து வரும் கேள்வி இது. ஆனால் அவர் ஆங்கிலத்தில் திணறுவது ஏன் என்று பார்த்தால், பன்னிரண்டு ஆண்டும் அதே மனப்பாடத் தேர்வுகளின் வழியாக அது அவருக்கு வந்தது தெரியும். புதிய மொழியில் நகரத்து மாணவரும் கிராமத்து மாணவரும் ஒரே வெற்றுப் பலகையிலிருந்து தொடங்குகிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பது போல முன்னரே வந்து ஒட்டிக்கொண்ட தாழ்வு அங்கே இல்லை. தவிர, தமிழ் அறிந்தவருக்குச் சில மொழிகளில் கைவசம் முதல் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிப் பள்ளி, ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானியத்தில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு மிரள வேண்டாம். வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்பதும், மரியாதைக்கு ஏற்ப வினை மாறுவதும் தமிழருக்குப் பழகிய பாதை. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவே உண்டு என்றார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் வாக்கிய அமைப்பின் ஒற்றுமை கற்பவருக்கு உதவும். ஜப்பானியத்தின் காஞ்சி எழுத்துகளின் சுமை அப்படியே இருக்கும், அதை மறைக்கக் கூடாது. ஜெர்மனில்கூடத் துணை வாக்கியத்தின் வினை கடைசிக்குப் போவது ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்குத்தான் விநோதம். இந்தச் சாதகம் எல்லாம் வீணாவது, நாம் அயல்மொழியை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிப்பதால். புரியாத மொழியைப் பாதி புரிந்த மொழியில் விளக்குகிறோம். ‘முப்பது நாளில்’ கைநூல்களைத் தாண்டி, தமிழ் இலக்கணத்தை அடித்தளமாக வைத்து எழுதிய முறையான ஜெர்மன், ஜப்பானியப் பாடநூல்கள் பல்கலைக்கழக அளவில் நமக்கு வேண்டும். தமிழ்த் துறையும் அயல்மொழி ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போல மொழியியல் ஆய்வுக்கு இடம் கொடுத்த நிறுவனங்கள் இதில் முன்னே வரலாம்.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றையும் இயல்பாகக் கையாளும் குடும்பங்கள் ராஜபாளையத்தில் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களில் யாரும் இதைச் சுமை என்று சொல்வதில்லை. பன்மொழி மனம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அதைக் கல்லூரிதான் கண்டுகொள்ளவில்லை.

ஆங்கிலம் போதாதா என்று கேட்பவர்களுக்கு உலகச் சூழலே பாதி பதில் சொல்கிறது. அந்த எண்ணம் பரவிய இடங்களில் பல்கலைக்கழக மொழிப்படிப்பு சுருங்கியிருக்கிறது. ஜப்பானில் 1991-இல் பல்கலைக்கழகப் பாடத்திட்ட விதிகளைத் தளர்த்தியதும் பல இடங்களில் இரண்டாம் அயல்மொழியின் கட்டாயம் குறைந்தது. அமெரிக்காவில் ஆங்கிலம் அல்லாத மொழி வகுப்புகளின் மாணவர் எண்ணிக்கை 2016-க்கும் 2021-க்கும் இடையில் 16.6 விழுக்காடு வீழ்ந்ததாக நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனால் அதே கணக்கெடுப்பில் கொரிய மொழி 38 விழுக்காடு ஏறியிருக்கிறது. பாட்டும் தொடரும் பார்த்துத் தாமாகவே ஆசைப்பட்டு வந்த மாணவர்கள் அவர்கள். ஆக, ஆங்கிலம் பரவியதால் பிற மொழிகளின் தேவை தீர்ந்துவிட்டது என்பது சரியல்ல; கட்டாயத்தின் பேரில் மட்டும் நின்ற மொழிகள் சரிந்தன, வாழ்க்கையோடு தொடர்பு கிடைத்த மொழி வளர்ந்தது. ஜெர்மன் முதியோர் இல்லத்தில் எண்பது வயதுப் பாட்டியிடம் வலி எங்கே என்று கேட்க ஆங்கிலம் உதவாது. சத்திரப்பட்டிச் சரக்கு ஹாம்பர்க் துறைமுகத்தில் நிற்கும்போது ஆங்கிலம் உதவும், ஓரளவுக்கு.

மொழிபெயர்ப்புக் கருவிகள் கைப்பேசியிலேயே வந்துவிட்ட காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு என்பது இன்றைய மறுப்பு. அந்தக் கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன, நாளும் மேம்படுகின்றன. கடிதத்தின் சாரத்தை அறிய அவை போதும். ஆனால் மருத்துவத் துணியின் எச்சரிக்கை வாசகம் தவறாக அச்சாகிவிட்டால் கருவி பொறுப்பேற்காது, உற்பத்தியாளர்தான் பொறுப்பு. கருவி தந்த வாசகம் சரிதானா என்று சொல்ல, அந்த மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். கருவி பெருகப் பெருக, அதைச் சரிபார்க்கத் தெரிந்தவரின் மதிப்பு ஏறும். விசா, அங்கீகாரம் என்று வரும்போதோ கருவிக்கு இடமே இல்லை. அங்கே மனிதர்தான் வாய் திறக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி ஆசிரியர் பற்றியது. ஒரு சிறுநகரக் கல்லூரி தனியாக ஜெர்மன் ஆசிரியரை நிரந்தரப் பணியில் அமர்த்துவது நடக்காத காரியம். சுயநிதிப் பிரிவில் மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொண்டுவந்தால் அவர் ஆண்டு முடிவதற்குள் நல்ல சம்பளம் தேடிப் போய்விடுவார். ஆனால் இந்தப் பகுதியில் கல்லூரி ஒன்றல்ல. ராஜபாளையத்தில் 1973 முதல் ராஜுக்கள் கல்லூரி இருக்கிறது; கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம்; ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-இல் வந்தது; சற்றுத் தள்ளிச் சிவகாசியிலும் விருதுநகரிலும் பழைய கல்லூரிகள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்தக் கல்லூரிகள் ஆளுக்கொரு மொழியைத் தொட்டுவிட்டுப் போவதற்குப் பதில், சேர்ந்து ஓர் அயல்மொழி மையம் அமைத்து, ஜெர்மன், ஜப்பானியம் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று ஆசிரியர்களுக்கு நிலையான சம்பளத்தைப் பகிர்ந்து கொடுக்கலாம். ஏட்டுப் பகுதியை ஸ்வயம் போன்ற இணையப் பாடங்களுக்கு விட்டுவிடலாம். 2021-இன் பல்கலைக்கழக மானியக் குழு விதி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இணையவழியில் படிக்க இடம் தருகிறது. ஆசிரியர் நேரம் முழுவதும் பேச்சுக்குப் போகட்டும். மதிப்பீட்டையும் மையமே நடத்த வேண்டாம். ஜெர்மனில் ஏ1, ஏ2 அல்லது ஜப்பானியத்தில் என்5, என்4 சான்றிதழ் வாங்கியவருக்கு அதற்கான கிரெடிட்டைப் பட்டத்தில் சேர்த்துக்கொண்டால் போதும். தேர்வுக் கட்டணத்தை ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் ஏற்கலாம். பயன் அவர்களுக்கும் உண்டு. பகுதி ஒன்று வினாத்தாளை ஒரேயடியாக மாற்றுவதற்குப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களில் பல ஆண்டு போராட வேண்டியிருக்கும். வெளித் தேர்வை ஏற்பதற்கு ஒரு கல்விக்குழுத் தீர்மானம் போதும்.

மொழி கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களே என்ற கவலையும் உண்டு. போகிறவர்கள் மொழி இல்லாமலும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மொழி இல்லாமல் போகிறவர் ஏஜென்ட் சொல்வதை நம்பி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார். என்4 முடித்துப் போகிறவர் தன் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியையாவது தானே படிப்பார், சம்பளத்தில் ஏன் பிடித்தம் என்று தானே கேட்பார். தங்குகிறவர்களும் இருப்பார்கள். ஒரு வகுப்பில் முப்பது பேர் சேர்ந்தால் பாதிப் பேர் மூன்றாம் ஆண்டு வரை வருவது அரிது. அதில் நாலைந்து பேர் ஏற்றுமதி அலுவலகங்களுக்குப் போகலாம், ஓரிருவர் மேற்படிப்புக்குப் போகலாம், ஒருவர் அடுத்த தொகுதிக்கு ஆசிரியராகத் திரும்பலாம். அந்த ஒருவர் வந்த பிறகு மையம் வெளியூர் ஆசிரியரை நம்பியிருக்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் முதல் சேர்க்கை அடுத்த ஜூனில் நடந்தாலே, முதல் தொகுதி பட்டம் பெற மூன்று ஆண்டு ஆகும். அதற்கான பாடநூலைத் தமிழில் எழுதும் வேலை அதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.